‘மட்டும்’ என்னும் சிறு சொல்

மாணவர்களே, வீட்டில் பழைய காசோலைப் புத்தகம் ஒன்று இருந்தால் அதன் ஒரு தாளை உற்றுப் பாருங்கள். தொகையை எண்ணால் எழுதுவதோடு எழுத்தாலும் எழுத வேண்டும். தேசிய மொழியில் எழுதுபவர் தொகையின் கடைசியில் ‘சஹாஜா’ என்று முடிப்பார். ஆங்கிலத்தில் எழுதுபவர் ‘ஒன்லி’ என்பார். கோயிலிலோ சங்கத்திலோ தமிழில் பற்றுச்சீட்டு எழுதும் கணக்கர் ‘ஐந்நூறு ரிங்கிட் மட்டும்’ என்று எழுதுவார். ஐந்நூறு ரிங்கிட் சிறிய தொகை என்பது இதன் பொருள் அன்று. ஐந்து இலட்சமாக இருந்தாலும் இந்தச் சொல் வரும். தொகை இங்கே முடிந்துவிட்டது, இதன்பின் யாரும் ஒரு சொல்லும் சேர்க்க இயலாது என்பதே பொருள். ‘ஐந்நூறு’ என்று எழுதி இடம் விட்டால், வேறொருவர் அந்த இடத்தில் ‘ஐம்பது’ என்று சேர்த்துவிட முடியும் அல்லவா? அந்தக் கதவை அடைக்கும் தாழ்ப்பாள்தான் ‘மட்டும்’.

அதே ‘ஒன்லி’யைப் பேரங்காடியில் பார்க்கிறோம். காலணியின் மேல் ‘ஒன்லி 49 ரிங்கிட் 90 சென்’ என்று சிவப்புத் தாள் ஒட்டியிருக்கும். இங்கே அந்தச் சொல் தொகையை முடிக்கவில்லை, குறைத்துக் காட்டுகிறது. தமிழில் இதற்கு ‘வெறும் 49 ரிங்கிட் 90 சென்’ என்றோ, ‘49 ரிங்கிட் 90 சென்தான்’ என்றோ சொல்ல வேண்டும். ‘49 ரிங்கிட் 90 சென் மட்டும்’ என்று எழுதினால் விளம்பரம் பற்றுச்சீட்டைப் போல ஒலிக்கும்.

மூன்றாவது இடம் ஒரு கதவு. ‘ஸ்டாஃப் ஒன்லி’ என்று அதில் எழுதியிருக்கிறது. இங்கே தொகையும் இல்லை, மலிவும் இல்லை. யார் உள்ளே வரலாம், யார் வெளியே நிற்க வேண்டும் என்பதே செய்தி. ‘பணியாளர்களுக்கு மட்டும்’ என்பது தமிழ்.

ஆக, ஒரே ஆங்கிலச் சொல் மூன்று இடங்களில் மூன்று வேலை செய்கிறது: அளவை முடித்தல், குறைத்துக் காட்டல், பிறரை விலக்கல். ஒருபொருட் பன்மொழி அகராதியைத் திறந்தால் ‘ஒன்லி’யின் கீழ் ‘ஜஸ்ட்’, ‘மியர்லி’, ‘சிம்ப்ளி’, ‘சோல்லி’, ‘அலோன்’, ‘எக்ஸ்க்ளூசிவ்லி’, ‘பட்’ என்று ஒரு வரிசை நிற்கும். இவை எல்லாம் ஒன்றுக்கொன்று மாற்று என்று எண்ணி ஒன்றை எடுத்துப் போட்டுவிடுவது நம் கட்டுரைகளில் அடிக்கடி காணும் பழக்கம். அந்தக் கதவில் ‘ஸ்டாஃப் மியர்லி’ என்று எழுத முடியுமா? ‘வெறும் பணியாளர்கள்’ என்று அவர்களை இழிவுபடுத்தியது போலாகிவிடும். ஆங்கிலத்தில் புகழ்பெற்ற சொற்களஞ்சியம் ஒன்றை மருத்துவராகிய பீட்டர் மார்க் ரோஜெட் 1852இல் வெளியிட்டார். அவர் சொற்களை அகரவரிசையில் வைக்கவில்லை. கருத்து வாரியாகத் தொகுத்தார். எதிர்க் கருத்துகளை அருகருகே நிறுத்தினார். எந்தச் சொல் எந்த இடத்திற்குப் பொருந்தும் என்று தேர்ந்தெடுக்கும் வேலையைப் படிப்பவரிடமே விட்டார். நம் நிகண்டுகளும் அப்படித்தான். சொற்களைக் கொடுக்கும், தேர்ந்து தராது.

இந்தச் சொற்களின் வேர்களைப் பார்த்தால் தேர்வு சற்று எளிதாகும். ‘ஒன்லி’ என்பது பழைய ஆங்கிலத்தில் ‘ஒன்று போன்ற’ எனப் பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. ‘அலோன்’ என்பதோ ‘ஆல்’, ‘ஒன்’ என்னும் இரண்டு சொற்கள் ஒட்டிப் பிறந்தது. முழுக்க ஒன்றே என்பது அதன் உட்பொருள். ‘சோல்’ இலத்தீனில் ‘தனித்த’ என்பதைக் குறித்த சொல். ‘எக்ஸ்க்ளூசிவ்’ என்பதன் வேரில் ‘வெளியே வைத்துக் கதவை அடைத்தல்’ என்னும் செயல் இருக்கிறது. ‘பட்’ என்பதன் வேரிலும் ‘வெளியே’ என்ற பொருள்தான் உள்ளது. அதனால்தான் அது ‘ஆனால்’, ‘தவிர’, ‘மட்டும்’ என்னும் மூன்று பொருளையும் இன்றுவரை சுமக்கிறது.

‘மியர்லி’யின் கதைதான் விந்தையானது. இதன் இலத்தீன் வேர் கலப்பற்றது என்னும் பொருளுடையது. தண்ணீர் கலக்காத திராட்சை மதுவைக் குறிக்க அதை ஆண்டனர். ஷேக்ஸ்பியர் காலத்தில் ‘மியர்லி’ என்றால் ‘முற்றிலும்’ என்று கூடப் பொருள் இருந்தது. கலப்பற்றது என்றால் முழுமையானது. கலப்பற்றது என்றால் வேறொன்றும் சேராதது. இரண்டாவது பொருள் வளர்ந்து, ‘இவ்வளவுதான், இதற்கு மேல் ஒன்றுமில்லை’ என்று இன்று தேய்ந்து நிற்கிறது. தமிழிலும் இந்த இரு முகமும் உண்டு. ‘சுத்தத் தங்கம்’ என்றால் பெருமை. ‘சுத்தப் பொய்’ என்றால் இகழ்ச்சி. ‘வெறும் கை’, ‘வெறும் வயிறு’ என்னும்போது ஒன்றுமில்லாமை. ‘வெறும் சோறு’ என்னும்போது குழம்பு சேராத சோறு.

இனி நம் சொல்லுக்கு வருவோம். ‘மட்டு’ என்றால் அளவு, எல்லை. ‘மட்டுமீறிப் பேசாதே’ என்று வீட்டில் பெரியவர்கள் கண்டிக்கும்போது வருவது அந்த ‘மட்டு’தான். ‘மட்டுப்படுத்துதல்’ என்றால் அளவுக்குள் நிறுத்துதல். பழைய உரைநடையில் ‘இதுமட்டும்’ என்றால் ‘இதுவரை’ என்று பொருள். ஆங்கிலச் சொல் ‘ஒன்று’ என்பதிலிருந்து புறப்பட்டது. தமிழ்ச் சொல் ‘எல்லை’ என்பதிலிருந்து புறப்பட்டது. ‘மாத்திரம்’ என்பதும் அளவைக் குறிக்கும் வடசொல்லின் வழி வந்ததே. தேசிய மொழியின் ‘சஹாஜா’ உங்களுக்கு வியப்பளிக்கலாம். அதுவும் வடமொழியிலிருந்து வந்த சொல். நாம் ‘இதெல்லாம் சகஜம்’ என்கிறோமே, அந்தச் ‘சகஜம்’ என்பதன் உடன்பிறப்பு. இயல்பானது, எளியது என்னும் பொருளிலிருந்து ‘அவ்வளவுதான்’ என்னும் பொருளுக்கு மலாய்மொழியில் அது நகர்ந்தது. ‘பெர்சஹாஜா’ என்று எளிமையைக் குறிக்கும்போது பழைய பொருள் இன்னும் தெரிகிறது.

தமிழில் இந்தப் பணிக்குத் தனிச் சொல்லே தேவைப்படாத இடங்களும் உண்டு. ஓர் எழுத்தே போதும். ‘கவிதா பாடினாள்’ என்பது செய்தி. ‘கவிதாவே பாடினாள்’ என்றால் அவள் மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டப்படுகிறாள். தொல்காப்பிய இடையியல் ஏகாரத்திற்கு ஐந்து பொருள் கூறுகிறது. அவற்றுள் ஒன்று பிரிநிலை. நன்னூல் ஆறு பொருள் கூறுகிறது. அங்கும் பிரிநிலை உண்டு. ஆங்கிலத்தில் ‘எக்ஸ்க்ளூசிவ்’ என்று சொல்லும் கருத்துக்கு நம் இலக்கணத்தார் சூட்டிய பெயர் இது. ‘பிரிநிலை’ என்னும் கலைச்சொல் இருக்கும்போது வேறு சொல் தேடி அலைய வேண்டியதில்லை.

ஆனால் ஏகாரத்திற்குத் தேற்றப் பொருளும் உண்டு. தேற்றம் என்றால் உறுதி. ‘கவிதாவே பாடினாள்’ என்பதற்கு ‘மற்றவர் பாடவில்லை’ என்றும் பொருள் கொள்ளலாம். ‘ஐயமின்றி அவள்தான்’ என்றும் கொள்ளலாம். ‘தான்’ என்னும் இடைச்சொல்லுக்கும் இந்த இரட்டை இயல்பு இருக்கிறது. நம் நாட்டிலும் சிங்கப்பூரிலும் இந்தியாவிலும் தமிழர் பேசும் ஆங்கிலத்தில் வாக்கியத்தின் இறுதியில் ‘ஒன்லி’ வந்து உட்காருவதற்கு இது ஒரு காரணம். ‘அவர் அப்படித்தான்’ என்பது ‘லைக் தட் ஒன்லி’ ஆகிறது. ‘நேற்றுத்தான் வந்தார்’ என்பது ‘யெஸ்டர்டே ஒன்லி ஹி கேம்’ ஆகிறது. ‘தான்’ உறுதிப்படுத்தவும் செய்யும், எல்லை கட்டவும் செய்யும். ஆங்கில ‘ஒன்லி’ எல்லை கட்டும், உறுதிப்படுத்தாது. இப்படிப் பேசுவதை இழிவு என்று ஒதுக்க வேண்டியதில்லை. நண்பர்களிடையே அது நம் மண்ணின் ஆங்கிலம். நேர்முகத் தேர்வில் ‘ஐ ஆம் ஃப்ரம் ஈப்போ ஒன்லி’ என்றால்தான் சிக்கல். ‘நான் ஈப்போக்காரன்தான்’ என்று அவர் சொல்ல வந்தார். கேட்பவருக்கோ ‘ஈப்போவிலிருந்துதான் வருகிறேன், வேறெங்கிருந்தும் அல்ல’ என்று யாரோ மறுத்ததற்குப் பதில் சொல்வது போல் தோன்றும்.

நேரத்தைச் சொல்லும்போது ‘தான்’ இன்னொரு வேலையும் செய்கிறது. ‘ஐந்து மணிக்குத்தான் பேருந்து வந்தது’ என்றால் அதற்கு முன் வரவில்லை, காத்திருந்தோம் என்ற சலிப்பு அதில் அடங்கியிருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு ‘நாட் அன்டில்’ என்னும் தொடர் பொருந்தும். ‘ஜஸ்ட்’ பொருந்தாது. ‘ஜஸ்ட்’ என்னும் சொல் நேர்மை, சரி என்னும் பொருளில் பிறந்தது. ஆகவே சரியாக, இம்மியும் பிசகாமல் என்பது அதன் அடிப்படை. ‘ஜஸ்ட் நௌ’ என்றால் பிற நாடுகளில் பெரும்பாலும் ‘இப்போதுதான்’. நம் பேச்சில் காலையில் நடந்ததையும் மாலையில் ‘ஜஸ்ட் நௌ’ என்கிறோம். மலாய்மொழியின் ‘தாடி’ அதற்குள் ஒளிந்திருக்கிறது.

சொல்லைத் தேர்ந்தெடுத்தால் போதாது. அது நிற்கும் இடமும் முக்கியம். ‘ஐ ஒன்லி ஸா மாலா’ என்று ஒருவர் எழுதினால் இரண்டு பொருள் கொள்ளலாம். மாலாவை மட்டும் பார்த்தார், வேறு யாரையும் பார்க்கவில்லை என்பது ஒன்று. மாலாவைப் பார்க்க மட்டும் செய்தார், பேசவில்லை என்பது மற்றொன்று. பேசும்போது குரலின் அழுத்தம் இதைத் தெளிவாக்கிவிடும். எழுத்தில் அந்த உதவி இல்லை. தமிழ் இங்கே கண்டிப்பானது. ‘மட்டும்’ எந்தச் சொல்லின்பின் வருகிறதோ அந்தச் சொல்லையே எல்லைப்படுத்தும். ‘அம்மா மட்டும் தம்பிக்கு மருந்து கொடுத்தார்’, ‘அம்மா தம்பிக்கு மட்டும் மருந்து கொடுத்தார்’, ‘அம்மா தம்பிக்கு மருந்து மட்டும் கொடுத்தார்’. மூன்றாவது வாக்கியத்தில் தம்பி சாப்பிட்டானா என்ற கவலை நமக்கு எழுகிறது. தேசிய மொழியில் ‘ஹன்யா’ சொல்லின் முன்னும் ‘சஹாஜா’ சொல்லின் பின்னும் நிற்கும். மொழிபெயர்க்கும்போது ஆங்கில வாக்கியத்தில் அந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதைவிட, எதைக் கட்டுப்படுத்துகிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இடம் மாறினால் பொருள் எவ்வளவு மாறும் என்பதற்குச் சில ஆங்கிலத் தொடர்களைக் காண்போம். ‘ஆன் ஒன்லி சைல்ட்’ என்றால் உடன்பிறந்தோர் இல்லாத ஒரே பிள்ளை. ‘ஒன்லி எ சைல்ட்’ என்றால் ‘சிறு பிள்ளைதானே, விட்டுவிடுங்கள்’ என்னும் பரிவு. ‘ஹி அலோன் கேன் டூ இட்’ என்றால் அவரால் மட்டுமே முடியும். ‘ஹி கேன் டூ இட் அலோன்’ என்றால் துணையின்றி அவரால் முடியும், வேறு பலராலும் முடியலாம். ‘ஒன்லி இஃப் ஹி கம்ஸ்’ என்பது நிபந்தனை: அவன் வந்தால் மட்டுமே. ‘இஃப் ஒன்லி ஹி ஹேட் கம்’ என்பது ஏக்கம்: அவன் வந்திருக்கக் கூடாதா! இதை ‘அவன் வந்திருந்தால் மட்டும்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ஒரு தாயின் பெருமூச்சு நிபந்தனையாகிவிடும். ‘நத்திங் பட்’ என்றால் அதைத் தவிர வேறில்லை. ‘எனிதிங் பட்’ என்றால் வேறு எதுவாகவும் இருக்கலாம், அது மட்டும் இல்லை. ஓர் ஆசிரியர் ஒரு மாணவனைப் பற்றி ‘எனிதிங் பட் லேஸி’ என்று எழுதினால் பெற்றோர் கோபப்பட வேண்டாம். அவன் சோம்பேறியே அல்லன் என்று பாராட்டியிருக்கிறார்.

எதிர்ச்சொல் பகுதியில்தான் நம் மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். ‘ஒன்லி’க்கு எதிர்ச்சொல் என்ன? ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு நகர முடியாது. எந்த வேலையில் இருக்கும் ‘ஒன்லி’ என்று கேட்க வேண்டும். பிறரை விலக்கும்போது அதன் எதிர், பிறரையும் சேர்ப்பது. ஆங்கிலத்தில் ‘ஆல்சோ’, தமிழில் ‘உம்’. ‘கவிதா மட்டும் வந்தாள்’ என்பதற்கு எதிர் ‘கவிதாவும் வந்தாள்’. தொல்காப்பியம் உம்மைக்கு எட்டுப் பொருள் கூறுகிறது. அவற்றுள் எச்ச உம்மை, சொல்லாமல் விட்ட இன்னொருவரை நினைவூட்டும். முற்றும்மை ஒருவரையும் விடாமல் சேர்க்கும். ‘மாணவர் மட்டும்’ என்ற கதவைத் திறந்தால் ‘மாணவரும்’ என்று சற்றே அகலும். முழுக்கத் திறந்தால் ‘எல்லாரும்’ ஆகும். அளவை முடிக்கும் ‘ஒன்லி’க்கு எதிர் ‘அட் லீஸ்ட்’, அதாவது ‘குறைந்தது’. குறைத்துக் காட்டும் ‘ஒன்லி’க்கு எதிர் ‘அஸ் மச் அஸ்’. தமிழில் இதற்கும் உம்மை உதவும். ‘பத்து ரிங்கிட்தான் கொடுத்தார்’ என்பதற்கு எதிர் ‘பத்தாயிரம் ரிங்கிட்டும் கொடுப்பார்’.

எதிரும் எதிரும் ஒரே வாக்கியத்தில் கைகோத்து வருவதும் உண்டு. ‘நாட் ஒன்லி, பட் ஆல்சோ’ என்னும் அமைப்பைத் தமிழில் ‘மட்டுமல்லாமல்’ என்று தொடங்கினால் பிற்பகுதியில் உம்மை வந்தே தீர வேண்டும். ‘அவர் பாடகர் மட்டுமல்லாமல் கவிஞர்’ என்பது நொண்டுகிறது. ‘அவர் பாடகர் மட்டுமல்லர், கவிஞரும் ஆவார்’ என்பதே நிறைவு. இன்னொன்று: ‘மட்டும்’ போதாது என்று ‘மட்டுமே’, அதுவும் போதாது என்று ‘மட்டுமேதான்’ என்று அடுக்குகிறார்கள். ஒரு கதவுக்கு மூன்று பூட்டு எதற்கு?

விலக்குதலும் சேர்த்தலும் பணப்பைக்குள்ளும் கை வைக்கும். ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குப் போய் ஓர் உணவகத்தில் அமர்கிறீர்கள் என்று கொள்வோம். உணவுப் பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கும். விலை ‘எக்ஸ்க்ளூசிவ்’ என்பதன் சுருக்கக் குறி அது. சேவைக் கட்டணமும் பொருள் சேவை வரியும் அதில் சேரவில்லை. 100 வெள்ளிக்குச் சாப்பிட்டால் 10 விழுக்காட்டுச் சேவைக் கட்டணம் சேர்ந்து 110 வெள்ளி. அந்த 110 வெள்ளியின்மேல் 9 விழுக்காட்டு வரி. 2024 ஜனவரி முதல் இதுவே விகிதம். கட்ட வேண்டியது 119 வெள்ளி 90 காசு. ‘இன்க்ளூசிவ்’ என்றிருந்தால் பட்டியலில் கண்ட தொகையே இறுதித் தொகை. நாள்களிலும் இப்படித்தான். மே 5 முதல் 10 வரை விடுமுறை என்று ஓர் அறிவிப்பு வந்தால், இரு நாளும் உட்பட ஆறு நாள். பத்தாம் நாள் உட்படாது என்றால் ஐந்து நாள். ‘வரை’ என்னும் சொல் இதைச் சொல்வதில்லை. ‘உட்பட’ என்று சேர்த்தெழுதுவதே நல்லது. கணிதத்தில் நிகழ்தகவு படிக்கும்போது ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகளைச் சந்திக்கிறீர்கள். ஒரு நாணயத்தை ஒருமுறை சுண்டினால் தலை விழலாம், பூ விழலாம்; இரண்டும் சேர்ந்து விழா. அங்கும் இதே சொல்தான்.

‘லிமிட்’ என்னும் எல்லைச் சொல்லையும் இங்கே பார்த்துவிடலாம். நம் கடைப் பெயர்ப்பலகைகளில் ‘செண்டிரியான் பெர்ஹாட்’ என்று காண்கிறோம். ‘செண்டிரியான்’ என்றால் தனியார். ‘பெர்ஹாட்’ என்றால் எல்லைக்குட்பட்ட. ‘ஹாட்’ அரபு மொழியிலிருந்து மலாய்மொழிக்கு வந்த சொல். சாலையோரத்தில் ‘ஹாட் லாஜு’ என்று வேக எல்லையைக் குறிப்பதும் அதுவே. நிறுவனம் சிறியது என்று அதற்குப் பொருள் இல்லை. மிகப் பெரிய நிறுவனங்களின் பெயரிலும் ‘பெர்ஹாட்’ இருக்கிறது. எல்லைக்குட்பட்டது பங்குதாரரின் பொறுப்பு. 1,000 ரிங்கிட்டுக்குப் பங்கு வாங்கி முழுத் தொகையையும் செலுத்திவிட்டவர், நிறுவனம் பல இலட்சம் கடனில் மூழ்கினாலும் அந்த 1,000 ரிங்கிட்டை இழப்பாரே தவிர, பங்குதாரர் என்பதற்காக அவர் வீட்டுக் கதவைக் கடன்காரர் தட்ட இயலாது. இந்த எல்லை அவரைச் சிறுமைப்படுத்தவில்லை, காக்கிறது. ஆனால் ‘லிமிட்டெட் எடிஷன்’ என்று காலணிக்கு விலையை உயர்த்தும்போது எல்லை என்பது வணிகத் தந்திரம்.

‘எக்ஸ்க்ளூசிவ்’ என்னும் சொல்லை விளம்பரங்கள் புகழ்ச்சியாகவே ஆள்கின்றன. தமிழ் விளம்பரத்தில் அது ‘பிரத்தியேக’ ஆகிறது. உங்களுக்கென்றே தனித்துவமான குடியிருப்பு என்று படிக்கும்போது மனம் குளிர்கிறது. வேரை நினைத்துக்கொண்டால், யாரையோ வெளியே நிறுத்திக் கதவை அடைத்திருக்கிறார்கள் என்பதும் புரியும். அடைப்பது எப்போதும் தவறன்று. கேடிஎம் கொமுட்டர் இரயிலில் 2010இல் பெண்களுக்கு மட்டுமான பெட்டிகள் வந்தன. அங்கே ‘மட்டும்’ என்பது பாதுகாப்பு. அறை வாடகைக்கு என்னும் விளம்பரத்தில் ஓர் இனத்தின் பெயரை எழுதி ‘ஒன்லி’ என்று சேர்க்கும்போது, அதே சொல் தொலைபேசியைக் கையில் வைத்திருக்கும் ஒருவரை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது. ‘மட்டும்’ என்பதைப் படிக்கும்போது யார் உள்ளே என்று மட்டும் பார்க்காமல் யார் வெளியே என்றும் பாருங்கள். எழுதும்போதும் அப்படியே.

இந்த உள்ளே வெளியே கணக்கைத் தமிழ் தன் பெயர்ச்சொல்லிலேயே வைத்திருக்கிறது. ‘நாம்’ என்றால் பேசுபவரோடு கேட்பவரும் சேர்ந்தவர். ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் சேராதவர். இலக்கணத்தார் ‘நாம்’ என்பதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பர். தேசிய மொழியிலும் இதே வேறுபாடு உண்டு: ‘கீத்தா’ என்றால் நாம், ‘காமி’ என்றால் நாங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘வீ’ ஒன்றே. குடியிருப்பாளர் சங்கம் ஓர் ஆங்கிலச் சுற்றறிக்கையில் ஞாயிற்றுக்கிழமை ‘வீ’ திடலைத் துப்புரவு செய்வோம் என்று அறிவிக்கிறது; அதை நீங்கள் தமிழாக்க வேண்டும். ‘நாங்கள்’ என்று எழுதினால் படிப்பவர் நன்றி சொல்லிவிட்டு வீட்டில் இருப்பார். ‘நாம்’ என்று எழுதினால் துடைப்பத்தோடு வருவார். ஆங்கில மூலத்தில் இல்லாத ஒரு முடிவை மொழிபெயர்ப்பவர் எடுத்தாக வேண்டும். தெரியாவிட்டால் சங்கத்தாரைக் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

இவையெல்லாம் தேர்வுக்காக மட்டும் படிப்பவை அல்ல. பல வீடுகளில் தாத்தா பாட்டிக்கு வரும் கடிதங்களையும் மருந்துறைகளையும் படித்துச் சொல்பவர்கள் நீங்கள்தாம். சிகிச்சையகத்தில் கொடுத்த மாத்திரை உறையில் ‘பிலா பெர்லு’ என்று எழுதியிருக்கிறது. ‘தேவைப்படும்போது’ என்பது அதன் பொருள். ‘பாட்டி, தேவைப்பட்டால் சாப்பிடலாம்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்தால், வேளைக்கொன்றாய்ச் சாப்பிடும் மற்ற மாத்திரைகளோடு அதையும் அவர் சேர்த்துக்கொள்ளக்கூடும். ‘வலி இருக்கும்போது மட்டும் சாப்பிடுங்கள், பாட்டி. வலி இல்லாவிட்டால் வேண்டாம்’ என்று சொன்னால்தான் செய்தி முழுமை பெறும். மலாய்த் தொடரில் ‘சஹாஜா’ இல்லை. ஆனாலும் தமிழில் ‘மட்டும்’ தேவைப்படுகிறது. எல்லை சொல்லில் இல்லாமல் சூழலில் இருக்கும் இடம் இது. ‘ஃபார் எக்ஸ்டர்னல் யூஸ் ஒன்லி’ என்று ஒரு புட்டியில் இருந்தால், ‘வெளியே பூச’ என்பதோடு நிறுத்தாதீர்கள். ‘பூச மட்டும், குடிக்கக் கூடாது’ என்று எதிர்மறையையும் சேர்த்துச் சொல்லுங்கள். அளவைப் பற்றி ஐயம் எழுந்தால் மருந்தாளரிடம் கேளுங்கள்.

பயிற்சி

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ கடைத்தெருவிலோ ‘ஒன்லி’, ‘சஹாஜா’, ‘மட்டும்’ ஆகியவற்றுள் ஒன்று இடம்பெற்ற ஐந்து அறிவிப்புகளைக் கண்டு எழுதி வாருங்கள். ஒவ்வொன்றிலும் அந்தச் சொல் அளவை முடிக்கிறதா, குறைத்துக் காட்டுகிறதா, பிறரை விலக்குகிறதா என்று குறியுங்கள். விலக்குகிறது என்றால், விலக்கப்படுபவர் யார் என்று அறிவிப்பில் இல்லாத அந்தப் பெயரையும் எழுதுங்கள். பிறகு ‘தங்கை நேற்று நூலகத்தில் கதை படித்தாள்’ என்னும் வாக்கியத்தில் ‘மட்டும்’ என்பதை நான்கு இடங்களில் அமைத்து, நான்கிற்கும் பொருத்தமான ஆங்கில வாக்கியங்களை எழுதிக் குழுவில் ஒப்பிட்டுப் பாருங்கள்.